நான் கூப்பிடாத இரண்டு அசிஸ்ட்

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று கேட்பவர்களை அதைவிடவும் பிடிக்காது. நான் முதலில் பார்ப்பது அசிஸ்ட் என்ற கட்டத்தை. ஒருத்தி பந்தை வளையத்துக்குள் போடுகிறாள் என்றால், அந்தப் பந்தை அவள் கைக்கு வாகாகக் கொடுத்தவள் ஒருத்தி இருப்பாள் அல்லவா, அவளுக்கு எழுதப்படும் எண் அது. மல்லசமுத்திரத்தில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். மதியச் சாப்பாட்டு வேளையில் மற்ற டீச்சர்கள் செல்போனில் சேலை பார்ப்பார்கள், ராசிபலன் பார்ப்பார்கள். நான் எந்த ஊரிலோ நடந்த ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவேன். எத்தனை எறிந்தார்கள், எத்தனை விழுந்தது, விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்ட் யாருக்கு எத்தனை, பந்தை யார் எத்தனை தரம் பறிகொடுத்தார்கள் என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பேன். ஆட்டத்தையே பார்க்காமல் ஆட்டம் எப்படி நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் விளையாடிய காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்டங்களுக்கு இப்படி ஒரு தாள் கிடையாது. நடுவர் மேசையில் இருக்கும் அதிகாரபூர்வமான ஸ்கோர் ஷீட்டில் ஒரு ஆட்டக்காரியைப் பற்றி இரண்டே விஷயங்களைத்தான் எழுதுவார்கள். அவள் எடுத்த புள்ளி, அவள் செய்த ஃபவுல். நான் குள்ளம். என் வேலை பந்தை எடுத்து வந்து அடுத்தவளுக்குக் கொடுப்பது. ஆகவே ஐந்து வருஷம் விளையாட்டு விடுதியில் இருந்து நான் ஆடிய ஆட்டங்களில், என் பெயருக்கு நேரே காகிதத்தில் இருப்பதெல்லாம் ஒன்றிரண்டு புள்ளியும் நிறைய ஃபவுல்களும்தான். யாராவது அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தால் இவள் ஆட வந்தாளா, அடிக்க வந்தாளா என்றுதான் கேட்பார்கள்.

அதே தாளில் இன்னொருத்தியின் பெயருக்கு நேரே இடம் போதாமல் எழுதியிருக்கும். அவளும் நானும் ஒரே வருஷம் விடுதியில் சேர்ந்தவர்கள். கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரி. நல்ல உயரம், பஞ்சு மாதிரிக் கை. நான் பந்தை இடது பக்கம் தட்டிக்கொண்டே வலது பக்கம் பார்க்காமல் தரையில் ஒரு குத்து குத்தி அனுப்புவேன். அவள் அந்த நேரத்துக்கு அந்த இடத்துக்கு வந்துவிடுவாள். வாங்குவாள், போடுவாள். இந்த ஒரு வேலையை விடியற்காலையில் பனியில் நின்று ஆயிரம் தடவை செய்து பார்த்திருக்கிறோம். அவள் எந்தக் காலை முன்னால் வைப்பாள் என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

திருச்செங்கோட்டுப் பக்கம் போட்டிகளுக்குப் போவோம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் முதலாளிகள் பரிசு கொடுப்பார்கள். மைக்கில் கூப்பிட்டு, அதிகப் புள்ளி எடுத்த பொண்ணுக்கு பிரஷர் குக்கர் என்பார்கள். அவளுக்கு விடுதியிலிருந்த ஐந்து வருஷத்தில் நாலு குக்கர் கிடைத்தது. கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டில் குக்கர் வாங்கவே இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்தக் குக்கர்களில் பாதி விசில் என்னுடையது என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

என் அப்பா ரிக் வண்டி டிரைவர். வருஷத்தில் எட்டு மாதம் ராஜஸ்தானிலோ ஒடிசாவிலோ போர் போட்டுக்கொண்டிருப்பார். விடுதிக்குப் போன் செய்து அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"எத்தன போட்டே சாமி?"

"ரெண்டுங்கப்பா."

"சரி சாமி, நாளைக்குச் சேத்திப் போடு. நாங்க இன்னைக்கு எழுநூறு அடி எறக்கிருக்கறோம்" என்பார். பன்னிரண்டு பாஸ் கொடுத்தேன், பன்னிரண்டும் புள்ளி ஆனது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் எங்கே எழுதியிருக்கிறது என்பார். ஆனால் எனக்கு எண்ணிக்கை தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே ஆடுவேன். பாஸ் கொடுக்கிறவளுக்குத் தன் எண்ணிக்கை தெரியாமல் இருக்காது.

பிறகு அந்த வேலை வந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கூடைப்பந்துக்கு ஒரே ஒரு இடம். இரண்டு பேரும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போனோம், ஒரே பொட்டலத்துப் புளிசாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். சான்றிதழ் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஒரே அணியாயிற்றே. காலையில் மைதானத்தில் முன்பின் தெரியாத பெண்களோடு கலந்து ஆடவிட்டார்கள். எனக்கு வாய்த்தவர்களுக்கு என் பந்து பிடிபடவில்லை, பாதி பந்து அவர்கள் முட்டியில் பட்டு வெளியே போனது. மதியம் ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார்கள். என்னிடம் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி எடுப்பாய் என்று கேட்டார்கள். ஆறு என்றேன். இரண்டை ஆறாக்கிச் சொல்லியும் அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் உள்ளே போய்க் கால்மணி நேரம் கழித்து வந்தாள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

செய்தி வந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வயிறு எரிந்தது. அவர்கள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய ஸ்வீட் பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே கொடுத்துவிட்டேன். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் நடந்தது. அலுவலக அணி, மாநில அணி, விமானத்தில் போய் ஆடிய போட்டிகள். சேலத்துக்கே மாற்றலாகியும் வந்தாள். எனக்கும் நடந்தது. வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, வயிறு சரியாகத்தான் நிறைந்தது. ஆனால் அவள் அனுப்பும் ஒவ்வொரு புகைப்படத்துக்கும் கைதட்டுகிற பொம்மையை அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். ஒரு வருஷம் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பழம் நல்ல பழம்தான். மனசுதான் நல்ல மனசு இல்லை.

முழங்கால் போனதும் அவள் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? குதிக்க முடியாது என்று ஆனதும் பாஸ் கொடுக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு வருஷத்தில் திரும்பி வந்து, பந்தை எடுத்து வருகிற இடத்தில் நின்றுவிட்டாள். அது என் இடம். புள்ளி எடுக்கிறதை எல்லாம் எடுத்து முடித்தாயிற்று, இப்போது இதுவும் வேண்டுமா என்று இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் பெண்களுக்கான தொழில்முறை லீக் வந்தது. சேலத்துக்கு ஒரு அணி, அதில் அவளும் ஒருத்தி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுப் புள்ளிவிவரம் எடுக்க ஆள் வேண்டும் என்று நாமக்கல்லில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். முடிவில் வைத்த தேர்வில் நான் முதலாவதாக வந்தேன். வராமல் என்ன செய்வேன்?

புள்ளிவிவரம் எடுப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட வேண்டும். இன்னொருவர் ஆட்டத்தைப் பார்க்காமல் லேப்டாப்பில் தட்ட வேண்டும். "வெள்ளை ஒன்பது, மூன்று, உள்ளே. பாஸ் வெள்ளை நான்கு." இதுதான் பாஷை. வெள்ளைச் சட்டை ஒன்பதாம் எண்காரி மூன்று புள்ளி போட்டாள், பாஸ் கொடுத்தது நான்காம் எண்காரி என்று அர்த்தம். புள்ளியில் யாரும் ஏமாற்ற முடியாது, பந்து விழுந்ததை அரங்கமே பார்க்கும். பாஸ் அப்படி இல்லை. அந்தப் பாஸால்தான் இந்தப் புள்ளி வந்ததா, வாங்கியவள் தன் சாமர்த்தியத்தில் போட்டாளா என்பதைக் கூப்பிடுகிறவர்தான் சொல்ல வேண்டும். அதற்கு விதி இருக்கிறது. விதியைப் பொருத்திப் பார்க்கிற கண் என்னுடையது. எனக்குத் தட்டுகிறவர் ராசிபுரத்துக்காரர், கணினி ஆசிரியர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் சொன்னதைச் சொன்னபடி தட்டுவார்.

அந்த சீசனின் கடைசி லீக் ஆட்டம் அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு கல்லூரி உள்ளரங்கில் நடந்தது. மதியம் மூன்று மணி ஆட்டம். நான் மேசையில் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் ஷூ கயிற்றைக் கட்டுவதற்காக வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு ஆறு அசிஸ்ட் வேணும்டீ" என்றாள்.

"எதுக்கு?"

"அடுத்த சீசனுக்கு லீக்குலயே முப்பத்தஞ்சு தாண்டினவங்கள்ல ஒருத்தியத்தான் வெச்சுக்குவாங்களாம். நானும் வேற டீம்ல ஆடற அந்தத் திருச்சிக்காரியும் இருக்கறோம். சீசன் பூரா சேத்து ஆருக்கு அசிஸ்ட் சாஸ்தியோ அவங்களுக்குன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அவ ஆட்டம் நேத்தே முடிஞ்சிருச்சு. அஞ்சு வந்தா அவளோட சமம். சமமா வந்தா வயசு கொறஞ்சவளத்தான் எடுப்பாங்க. ஆறு வந்தா நானு."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா ஊட்டுக்குப் போயி நாலு குக்கர்லயும் சோறாக்க வேண்டியதுதான்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னும் ஒரு வருசம் ஆடிட்டா போதும்டீ. அதுக்கப்பறம் கூப்புட்டாலும் போக மாட்டேன்" என்றாள்.

அப்போதே எழுந்து போய், ஆடுகிறவள் எனக்கு வேண்டியவள், வேறு யாரையாவது இந்த நாற்காலியில் உட்கார வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேண்டியவள் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

முதல் பாதியில் நான் நேர்மையாகத்தான் இருந்தேன். அவள் கொடுத்த நாலு பாஸையும் கூப்பிட்டேன். நாலாவது பாஸ் சந்தேகத்துக்கு உரியது, வேறொருத்தியாக இருந்தால் விட்டிருப்பேன், அவளுக்குக் கொடுத்தேன். என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் வந்தது. இடைவேளையில் அச்சடித்த தாள் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட சேலம் அணி ரீபவுண்டில் பின்தங்கியிருந்தாலும், தூரத்திலிருந்து எறிந்ததில் பாதிக்கு மேல் விழுந்திருந்தது, பந்தைப் பறிகொடுத்தது குறைவு. அதற்கெல்லாம் காரணம் அவள். தாளைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் மைதானத்தில் இருந்த நேரமெல்லாம் அணி முன்னால் இருந்தது, உட்கார்ந்த நேரமெல்லாம் பின்னால் போனது.

எங்களுக்குப் பக்கத்து மேசையில் நேரலை வர்ணனையாளர் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் பேசினார்.

"இருபது வருசமா இந்தச் சேலம், நாமக்கல் பக்கம் பெண்கள் ஆட்டம் பாத்துட்டு வாரேங்க. இப்படிப் பாக்காமயே பாஸ் குடுக்கற ஒரு பொண்ண நான் பாத்ததே இல்லீங்க."

அந்த மனிதர் நான் ஆடிய போட்டிகளுக்கு வந்திருக்கிறார். குக்கர் கொடுத்த மேடையில் மைக் பிடித்ததே அவர்தான். நான் அவரிடமிருந்து ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது கால்பகுதியில் அவளுடைய ஐந்தாவது வந்தது. கூப்பிட்டேன். அடுத்து இரண்டு நிமிஷத்தில், அவள் இடது பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டே வந்து, வலது பக்கம் பார்க்காமல், தரையில் ஒரு குத்து குத்தி அனுப்பினாள். பதினொன்றாம் எண்காரி ஓடிவந்து வாங்கி, ஒரே ஒரு தட்டு தட்டி உள்ளே போட்டாள். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அது என் பாஸ். அந்தக் குத்தின் கோணம், பந்து எழும்பும் உயரம், எல்லாம் விடுதிப் பனியில் நான் கண்டுபிடித்தது. அவள் வாங்கிக்கொண்டே இருந்தவள்.

"வெள்ளை பதினொன்று, இரண்டு, உள்ளே" என்றேன். நிறுத்திவிட்டேன்.

ராசிபுரத்துக்காரரின் விரல் விசைமேல் காத்திருந்தது. "பாஸ் ஆருங்க டீச்சர்?"

"பாஸ் இல்லீங்க. அந்தப் புள்ள தட்டிட்டுப் போயி அதுவா போட்டுச்சு."

"சரிங்க" என்று அடுத்த விசையைத் தட்டினார். அவ்வளவுதான். இத்தனை சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எதிரே ஆளைத் தாண்டாமல் ஒரு தட்டு தட்டினால் அது பாஸ் கணக்கில்தான் சேரும் என்று தேர்வில் சரியாக எழுதியவள் நான்.

இரண்டாவதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. கடைசிக் கால்பகுதியில் அவள் மூலைக்கு எறிந்த பந்தை ஒன்பதாம் எண்காரி வாங்கினாள், அப்படியே எறிந்தாள், மூன்று புள்ளி. குழந்தைகூட அசிஸ்ட் என்று சொல்லும். "வெள்ளை ஒன்பது, மூன்று, உள்ளே" என்று சொல்லி மூச்சுவிடாமல் எதிரணியின் அடுத்த எறிதலைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். தட்டுகிறவருக்குக் கேட்க நேரமில்லை. பக்கத்திலிருந்த துண்டுக் காகிதத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார். முன்னதற்கும் அதில் ஒரு குறி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் அவள் வேகமாக அனுப்பிய ஒரு பந்து, அணியில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்ணின் விரலில் பட்டு வெளியே போனது. அதைச் சின்னப் பெண் பறிகொடுத்ததாகக் கூப்பிட்டேன். இதில் சூது இல்லை, எனக்கு அப்படித்தான் தெரிந்தது. சேலம் அணி நாலு புள்ளியில் ஜெயித்தது. தாளில் அவளுக்கு அசிஸ்ட் ஐந்து.

இரண்டு அணிகளும் தாளில் கையெழுத்துப் போடும்வரை திருத்தம் செய்யலாம். சந்தேகமான இடங்களை வீடியோவில் ஓட்டிப் பார்ப்போம். நாங்கள் அதற்காகக் காத்திருந்தபோது அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். கேட்கட்டும், கேட்டால் வீடியோவைப் போட்டுத் திருத்திவிடலாம், தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் விரல் அந்த ஐந்தின் மேல் கொஞ்சம் நின்றது. பிறகு கீழே போனது.

"இந்தப் பந்து போனத இந்தப் புள்ளைக்கு எழுதிட்டீங்க. அது என் தப்பு. நாந்தான் ஓடற புள்ளைக்கு அவ்வளவு வேகமா குடுத்துட்டேன். மொத சீசன்டீ அதுக்கு. எம்பேருக்கு மாத்திரு."

வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அவள் சொன்னதுதான் சரி. மாற்றினோம். அவள் தாளில் ஒரு குறை கூடியது. நல்லவளாக இருப்பதையும் எனக்கு மிச்சம் வைக்கவில்லையே என்று எரிச்சலாக வந்தது. "போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு, ஐஸ் பையை முழங்காலில் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து போனாள்.

ராசிபுரத்துக்காரர் துண்டுக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "ஏனுங்க டீச்சர், வீடியோ ஓடிட்டுத்தான் இருக்குது. இந்த ரெண்டையும் ஒருக்கா பாத்தரலாங்களா?"

"வேண்டாங்க" என்றேன். "நான் நல்லாத்தான் பாத்தேன்."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அணி மேலாளர்கள் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து அடுத்த சீசனுக்கான பட்டியல் வந்தது. திருச்சிக்காரி இருந்தாள், இவள் இல்லை. எனக்கு சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், பட்டியலைப் பார்த்த அன்று மதியம் தயிர்சாதம் இறங்கியது, மறுநாளிலிருந்து இறங்கவில்லை. அவளிடமிருந்து போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிட்டாள். குரல் எப்போதும் போல இருந்தது.

"ஞாயித்துக்கெழம காலைல எங்கூருக்கு வாடீ. விடுதிப் புள்ளைங்க அஞ்சாறு பேரு வாரோம்னு இருக்காங்க. சும்மா ஆடலாம்."

ஏதாவது சாக்கு சொல்லியிருக்கலாம். போனேன். அவள் இனி ஆடுகிற இடம் சிமெண்ட் தரையும் வலையில்லாத வளையமும்தான் என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஒரு ஆசை இருந்தது. அதை இப்போது ஒளித்து என்ன பிரயோஜனம்?

மலைப்பாதை தொடங்குகிற இடத்துக்கு முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் அந்தத் தளம் இருந்தது. எல்லாரும் வந்திருந்தார்கள். சிலருக்கு நரை, சிலருக்குத் தொப்பை. மூன்று பேர், மூன்று பேராகப் பிரிந்தோம். அவள் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஐந்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. அவள் இடது பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு போனாள், பார்க்காமல் தரையில் ஒரு குத்து குத்தினாள். பந்து என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. போட்டேன், விழுந்தது.

"ஆறு!" என்று கத்தினாள்.

மற்றவர்களுக்குப் புரியவில்லை. எங்கள் கணக்கு அப்போது நாலோ என்னவோதான். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பி ஓடினேன். கொஞ்ச நேரத்தில் மூலையில் நின்ற எனக்கு மறுபடி எறிந்தாள். வாங்கினேன், அப்படியே எறிந்தேன், விழுந்தது.

"ஏழு! எழுதிக்கங்க டீச்சர்!"

தண்ணி குடிக்கிறேன் என்று சொல்லி ஓரத்திலிருந்த குழாய்க்குப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணிட்டே இருந்தியா?" என்று கேட்டேன்.

"நீ எண்ணாம ஆடுவியா?"

"வேணும்னேதான் விட்டேன். ரெண்டும்."

"தெரியும்டீ. மேசைக்கு வந்தப்பவே உம்மூஞ்சியப் பாத்தேன்."

"அப்பறம் ஏன் கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருந்தா வீடியோவப் போட்டிருப்பேன். ஆருக்குத் தெரியப்போவுது?"

அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கேக்கலாம்னுதான் வந்தேன். வாய் வரல. சென்னைல அந்த ரூமுக்குள்ள எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்கடீ. இத்தன புள்ளி எடுத்திருக்கறயே, உனக்குப் பந்து குடுக்கறது ஆரும்மான்னாங்க. உம்பேரச் சொன்னா, சரி அந்தப் பொண்ணையும் கூப்புடுங்க, ரெண்டு பேரையும் சேத்தி ஆட உட்டுப் பாக்கலாம்னு சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆரும் இல்லீங்க, நானே எடுத்துட்டுப் போயிப் போட்டுக்குவேன்னு சொல்லிட்டேன். நீ வெளிய பெஞ்சுல எம்பையையும் மடில வெச்சுட்டு உக்காந்திருந்தே." துண்டை எடுத்து முகத்தை மூடித் துடைத்தாள். "அதனால, சரியாப் போச்சுன்னு உட்டுட்டேன்."

சரியாகப் போயிற்றாம். ஒரு வேலையும் இரண்டு அசிஸ்ட்டும் ஒன்றா? பதினாறு வருஷம் நான் பொறாமைக்காரி என்று என்னை நானே காறித் துப்பிக்கொண்டு, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய், கைதட்டுகிற பொம்மை அனுப்பி, யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்தது எல்லாம் நியாயமான கோபமாக இருந்திருக்கலாம். அவள் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம், நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். அதையும் எனக்குத் தராமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போதாவது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த இரண்டையும் நான் கூப்பிட்டிருந்தால், அன்றைக்கு அந்தக் குழாயடியில் அவளைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இருந்திருக்கும்.

அவள் இந்த வருஷம் ஆடவில்லை. இனி ஆடப்போவதும் இல்லை. அது என்னால். நான் அந்த அலுவலக அணிக்கு ஆடவில்லை. அது அவளால். இதை எந்தத் தாளில் எழுதினாலும் சரியாகப் போகாது.

"வாங்கடீ, வெயில் ஏறுது" என்று நிழலிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

மறுபடி ஆடினோம். பந்து என்னிடம் வந்தது. அவள் வலது பக்கம் ஓடினாள், எந்தக் காலை முன்னால் வைப்பாள் என்று எனக்குத் தெரிந்த அதே ஓட்டம், முழங்கால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. ஒரு குத்து குத்தி அனுப்பியிருந்தால் அவள் கையில் போய் உட்கார்ந்திருக்கும். அவள் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு போய் எறிந்தேன். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அந்த ரீபவுண்டையும் அவள்தான் பிடித்தாள், பிடித்த கையோடு உள்ளே போட்டாள்.